மானநட்டம்: யார் கண்ணில்?

(அம்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதித் திருத்தப்பட்டது. பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் வக்கீல் இல்லை. வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன். மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறவன். அவதூறுச் சட்டம் பற்றி என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரே காரணம், இங்கே இருக்கிறவங்கள்ல அதில் மாட்டின ஆள் நான்தான். ரெண்டு தடவை. ஒரு தடவை அடி வாங்கினவனாக, ஒரு தடவை அடித்தவனாக. அடித்த கதையை முதலில் சொல்றேன். அதுதான் இன்னிக்குச் சூடா இருக்கு.

போன இதழ் எல்லாரும் பார்த்திருப்பீங்க. நம்ம பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட ஒருவர் செத்துப்போனதைப் பற்றி ஒரு தம்பி கட்டுரை எழுதியிருந்தார். எதிர்ப்பக்கத்தில் என் கவிதை. இடம் பேரு, ஆள் பேரு எதையும் இப்போ நான் சொல்லப் போறதில்லை, போலீஸ் வழக்கு நடந்துகிட்டிருக்கு. இதழ் வந்து மூணு வாரத்தில் ஒப்பந்தக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். ஆசிரியருக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, அச்சகத்துக்காரருக்கு ஒண்ணு. பதினஞ்சு நாளில் மன்னிப்புக் கேட்கணும், ஒரு கோடி ரூபாய் மானநட்டம் கட்டணும், இல்லேன்னா சிவில் கிரிமினல் ரெண்டும் போடுவோம் என்று.

என் கவிதையை ஒருத்தர் வரி விடாமல் வாசித்து, வரி எண் போட்டுக் குறிப்பு எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வங்கிக்காரன் புத்தி கணக்குக்குத்தானே போகும். சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்தக்காரர் மானத்துக்கு அவரே போட்டுக்கொண்ட விலை ஒரு கோடி. மூணு உசிரைத் தராசில் வெச்சாலும் 10 லட்சம் இடிக்குது.

இன்னொரு கணக்கும் உண்டு, அது கொஞ்சம் தெம்பு தரும். நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட நீதிமன்றக் கட்டணம் கட்டணும். தமிழ்நாட்டில் அது முன்பு ஏழரை சதவீதம், 2017இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு கோடி கேட்கிறவர் 3 லட்சம் கட்டி உள்ளே வரணும். நோட்டீஸ் அனுப்ப வக்கீல் ஃபீசும் தபால் செலவும் போதும். அதனாலதான் நோட்டீஸில் கோடிகள் பறக்குது. ஆனா பயம் அதுக்குள்ளே வேலையைச் செஞ்சிடுது. நம்ம அச்சகத்துக்காரர் நல்ல மனுஷன், பதினாறு இதழ் கடனில் அடிச்சுக் கொடுத்தவர். "தம்பி, அடுத்தது வேற எடத்துல பாத்துக்கோங்க" என்று சொல்லிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அச்சடித்தவரும், தெரிந்தே விற்றவரும்கூட இந்தச் சட்டத்தில் வருகிறார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862இல் நடைமுறைக்கு வந்த சட்டம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா ஆயிடுச்சு, எண் 356. பேரும் எண்ணும் மாறிச்சு, உடம்பு அதே உடம்பு. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதுசாகச் சமூக சேவையும் சேர்த்திருக்காங்க. இது கிரிமினல் பக்கம். சிவில் பக்கத்துக்குத் தனிச் சட்டப் புத்தகமே கிடையாது, தீர்ப்புகளிலிருந்து வளர்ந்ததுதான்.

அவதூறு என்று நிற்கணுமென்றால் முதலில் ஒரு பழிச் சொல் வேணும். அது ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றி இருக்கணும். அது மூன்றாவது ஆள் ஒருத்தரிடம் போய்ச் சேரணும். அதனால் அவருடைய மதிப்பு மற்றவர் கண்ணில் இறங்கணும். கிரிமினல் என்றால், இறங்கணும் என்கிற நோக்கமோ, இறங்கும் என்கிற தெரிவோ எழுதினவனுக்கு இருக்கணும். இந்த வரிசையில் எங்க கேஸை வெச்சுப் பார்ப்போம்.

குறிப்பிட்ட ஆள். நான் கவிதையில் பெயர் போடவில்லை, அதனால் தப்பிச்சேன் என்றுதான் இருந்தேன். நோட்டீஸைப் படிச்சதும்தான் உறைச்சுது. வண்டி என்ன நிறம், ஆபீஸ் எந்தப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கையில் என்ன மோதிரம் எல்லாம் எழுதியிருக்கேன். அந்தப் பக்கம் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. பெயர் இல்லாமலும் ஆளைக் காட்டலாம். கவிஞர்கள் இதில் நம்மை நாமே ஏமாத்திக்கிறோம். படிமம் என்று நாம் நினைக்கிறது வக்கீல் கண்ணுக்கு அங்க அடையாளம்.

மூன்றாவது ஆள். நம் இதழ்களின் பின்னட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போடுகிறோமே, அது கவசம் என்று ரொம்பப் பேர் நினைக்கிறாங்க. இல்லை. ஒருத்தர் படித்தால் போதும், அது வெளியீடுதான். முந்நூறு பிரதி அடிச்சா என்ன, மூணு லட்சம் அடிச்சா என்ன. நான் ஒருவரைத் திட்டிக் கடிதம் எழுதி உறையில் ஒட்டி அவர் கையிலேயே கொடுத்து, அவர் மட்டும் படித்தால் அவதூறு இல்லை. அதையே ஒரு அட்டையில் எழுதி இன்னொருத்தர் படிச்சுட்டா அவதூறு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி. அதில் நம்மை இழிவுபடுத்துவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பற்றிய பிரிவு முன்பு 3(1)(x), 2015 திருத்தத்துக்குப் பிறகு 3(1)(r), 3(1)(s). அங்கே என்ன வார்த்தை இருக்கு தெரியுமா? பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்கணும். நாலு சுவருக்குள்ளே, வெளியாள் யாரும் இல்லாமல் திட்டினால் அந்தப் பிரிவு வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஒப்பந்தக்காரர் மானம் போக ஒரு வாசகன் போதும். மேனேஜர் ரூமுக்குள்ளே கதவைச் சாத்திக்கிட்டு நம்மாளை என்ன சொன்னாலும், அது இழிவாக ஆகணும்னா நாம வெளியே போய்ச் சாட்சிக்கு ஆள் கூட்டி வரணும். சட்ட நிபுணர்கள் இது வேற, அது வேற என்று விளக்குவார்கள். தண்டனையும் வேற, போலீஸ் நேரடியாகக் கைது செய்யும் அதிகாரமும் வேற, அதனால் நிபந்தனையும் கடுமை என்பார்கள். இருக்கட்டும். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் படிச்சவனுக்குத்தான் அது சுடும்.

இப்போ மதிப்பு. யார் கண்ணில்? 'மற்றவர்கள் மதிப்பீட்டில்' என்கிறது சட்டம். அதற்கு ஒரு விளக்கம், நாலாவது விளக்கம். ஒருவருடைய ஒழுக்கத்தையோ அறிவையோ தாழ்த்தினால், அல்லது அவருடைய சாதி தொடர்பாகவோ தொழில் தொடர்பாகவோ அவரது தகுதியைத் தாழ்த்தினால், அவர் நாணயத்தைக் கெடுத்தால் - இப்படிப் போகுது. சாதி தொடர்பாக! 1860இல் எழுதியது, 2024இல் புதுச் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கு. சாதியில் ஒருத்தருக்கு ஓர் உயரம் இருக்கு, அதிலிருந்து இறக்கினால் அது நட்டம் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளே இருக்கிற நினைப்பு. உயரத்தில் இருக்கிறவனுக்குத்தானே இறக்கம். ஊர் ஏற்கனவே தரையில் தள்ளி வெச்சிருக்கிறவனை 'மற்றவர்கள் மதிப்பீட்டில்' எங்கே இறக்க முடியும்? எந்தப் பெயரை ஊர் வசவாக வெச்சிருந்ததோ அந்தப் பெயரையே இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்குத் தலைப்பாகப் போட்டார், 'பறையன்' என்று. மெக்காலேயின் நாலாவது விளக்கத்துக்கு அதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியலை.

நான் அடி வாங்கின கதை இங்கேதான் வருது. வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வருஷம், என் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி மேலிடத்துக்குப் போச்சு. என் சாதிச் சான்றிதழ் போலி என்று. எங்க பாட்டி கடைசிக் காலத்தில் சர்ச்சுக்குப் போய்க்கிட்டிருந்தது, அதை வெச்சு, குடும்பமே மதம் மாறினது, எஸ்சி என்று ஏமாத்தி வேலை வாங்கியிருக்கான் என்று நாலு பக்கம். விசாரணை, தாசில்தார் ஆபீஸ், பள்ளிக்கூடப் பதிவேடு, தெருவில் வந்து விசாரிப்பு. கவுண்டரில் பக்கத்து சீட்டுக்காரர் ரெண்டு வருஷம் என்கிட்டே டீ வாங்கிக் குடிக்கலை. நான் தெரிஞ்ச வக்கீல் அண்ணன்கிட்டே ஓடினேன். மானநட்ட வழக்குப் போடணும்ண்ணே என்று.

அவர் கேட்டார், யார் மேல போடுவே? கையெழுத்தே இல்லையே. சரி, ஆள் கிடைச்சாலும் எட்டாவது விதிவிலக்கைக் காட்டுவான். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தால் அவதூறு இல்லை. நல்லெண்ணம் என்றால் சட்டத்தில் பாசம் இல்லை, தக்க கவனத்தோடு விசாரித்துச் செய்தது என்று அர்த்தம். அவன் விசாரிக்கவே இல்லை என்று நாம உடைக்கணும். அப்புறம் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார். "உன்னை எஸ்சி இல்லேன்னு எழுதியிருக்கான். சாதி தொடர்பா உன் தகுதி எறங்கிடுச்சுன்னு ஜட்ஜுகிட்ட சொல்ல முடியுமா? ஊர் கண்ணுல ஏறியில்ல போச்சு." ரெண்டு பேரும் சிரிச்சோம். வெளியே வந்து ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போது எனக்குக் கை நடுங்குச்சு. மோசடிக்காரன் என்று சொன்னது அவதூறுதான், நாணயத்தைக் கெடுக்கிற சொல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனா வழக்குப் போட ஒரு முகம் வேணும். மொட்டைக் கடுதாசிக்கு முகம் இல்லை. சான்றிதழ் உண்மை என்று கடைசியில் ஒரு வரியில் கடிதம் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மாற்றலாகிப் போயிட்டார். டீ பாக்கி அப்படியே நிக்குது.

ஒரு சாதியை, ஒரு கூட்டத்தைச் சொன்னால் அவதூறு வருமா என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். கூட்டத்தைச் சொன்னாலும் வரும், ஆனால் இன்னார் இன்னார் என்று வரையறுத்துக் காட்டக்கூடிய கூட்டமாக இருக்கணும். நம்ம ஊர் வழக்குதான் இதுக்கு முன்னுதாரணம். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகத்தார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு. அதில் நிறைவேறிய தீர்மானத்தைத் திரித்துப் போட்டார்கள் என்று வரவேற்புக் குழுத் தலைவர் சொக்கப்பா, 'இந்து' உள்ளிட்ட பத்திரிகைகள் மேல் அவதூறு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் தள்ளிடுச்சு. மாநாடு என்பது வந்து போகிற கூட்டம், எல்லை உள்ள அமைப்பு இல்லை, அதனால் பாதிக்கப்பட்டவர் என்று யாரும் வந்து நிற்க முடியாது என்றது. அதே காரணம் 2010இல் குஷ்புவைக் காப்பாற்றியது. 2005இல் அவர் சொன்ன ஒரு கருத்துக்குத் தமிழ்நாடு முழுக்க வழக்குப் போட்டார்கள். தமிழ்ப் பெண்கள் எல்லாரையும் இழிவுபடுத்திட்டார் என்றால், எந்தப் பெண்ணை? உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது.

ஆக, 'எங்க சாதியைக் கேவலப்படுத்திட்டான்' என்று யாராவது மிரட்டினால், சட்டத்தில் அது அத்தனை சுலபம் இல்லை. ஆனா மிரட்டல் கோர்ட்டுக்கு வெளியேதானே நடக்குது. பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது 2016 ஜூலையில். இந்தப் பக்கமும் இதே கத்திதான், மறக்காதீங்க. ஒருத்தன் நம் காலனி ஆட்களே திருடங்க என்று மேடையில் பேசினால் அவதூறுப் பிரிவில் நிற்காது. அதற்கு வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(u)தான் நமக்கு வழி. நம் மக்கள் மேல் பகையும் வெறுப்பும் தூண்டுகிற பேச்சைக் குற்றமாக்குகிற பிரிவு அது.

விதிவிலக்குகள் பத்து. பத்தையும் சொன்னால் தூங்கிடுவீங்க. நமக்கு வேண்டியது முதலாவதும் மூணாவதும். உண்மையாக இருந்து, பொது நன்மைக்காகவும் சொல்லப்பட்டிருந்தால் குற்றம் இல்லை. கிரிமினலில் ரெண்டும் வேணும், வெறும் உண்மை போதாது. சிவிலில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். ஆனா நிரூபிக்கிற சுமை எழுதினவன் தலையில். பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம் என்பது மூணாவது.

தம்பியின் கட்டுரையில் எல்லாம் இருக்கு. எந்தக் கருவியும் இல்லாமல் இறக்கினார்கள் என்று கூட வேலை செய்தவர் சொன்னது, வழக்கு எண், ஆட்களை இப்படி இறக்குவதைத் தடை செய்த 2013 சட்டம். எல்லாம் காகிதத்தோடு. பிரச்சினை தலைப்பில். 'கொலைகாரன்' என்று போட்டுட்டோம். போட்டது தம்பி இல்லை, ஆசிரியர் குழு, அதில் நானும் உண்டு. தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சாகடிச்சவனை வேற என்னன்னு சொல்றது என்று அன்னிக்குக் கேட்டேன், இன்னிக்கும் கேட்பேன். ஆனா கொலை என்பது சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயர், போலீஸ் போட்ட பிரிவு வேற. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு கட்டுரை முழுக்கப் பொய் என்று எழுதிட்டார் அவங்க வக்கீல்.

சின்னத் தப்பைப் பிடிச்சு முழு உண்மையையும் சாய்க்கிற இந்த வித்தை பழசு. 1960 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. கிங்கை ஏழு தடவை கைது பண்ணாங்க என்று அதில் இருந்தது. உண்மையில் நாலு தடவை. மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரும் தப்பு. அலபாமாவில் மான்ட்கோமரி நகரத்தில் போலீசுக்குப் பொறுப்பாக இருந்த சல்லிவன், தன் பெயரே இல்லாத அந்த விளம்பரத்துக்காக வழக்குப் போட்டார். பத்திரிகை மேல் மட்டும் இல்லை, கேட்காமலே பெயர் சேர்க்கப்பட்டிருந்த நாலு கறுப்பினப் பாதிரியார்கள் மேலும். 5 லட்சம் டாலர் என்று அங்கே தீர்ப்பு. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அதிகாரியின் பொதுக் கடமை பற்றி எழுதுவதில் பிழை இருந்தாலும், பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று அக்கறையே இல்லாமலோ எழுதினால்தான் குற்றம் என்றது.

முப்பது வருஷம் கழிச்சு அந்தத் தீர்ப்பு நம்ம ஊருக்கு வந்தது, எதற்கு என்றால் ஆட்டோ சங்கருக்கு. அவர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் போடப் போகுது, அதில் அதிகாரிகள் பெயர் வருது என்றதும், சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூனில் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். நக்கீரன் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7, நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பு. அவதூறு வரும் என்று சொல்லி முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அரசோ உள்ளாட்சியோ மானநட்ட ஈடு கேட்க முடியாது. அதிகாரி தன் கடமை பற்றி எழுதப்பட்டதற்கு வழக்குப் போட்டால், தகுந்தபடி சரிபார்த்து எழுதினேன் என்று காட்டினால் போதும், உண்மை என்றே நிரூபிக்க வேண்டியதில்லை. மான்ட்கோமரியில் அடிபட்ட கறுப்பர்கள் வாங்கிக் கொடுத்த சொல், ஆறு கொலைக்குத் தூக்குத் தண்டனை பெற்றவனின் புத்தகத்துக்குக் கவசமானது. சட்டத்தின் பாதை அப்படித்தான் கோணல்.

ஆனா அது சிவிலுக்கு. கிரிமினல் பிரிவு செல்லும் என்று 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் சொல்லிட்டாங்க. அதற்குள் 2011இலிருந்து ஐந்து வருஷத்தில் தமிழ்நாடு அரசு மட்டும் இருநூறுக்கு மேல் அவதூறு வழக்குகள் போட்டிருந்தது. பத்திரிகைகள் மேல் போட்ட பல வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நம்ம ஒப்பந்தக்காரர் அரசும் இல்லை, அதிகாரியும் இல்லை. அதனால் ராஜகோபால் தீர்ப்பை நேராகப் பிடித்துக்கொண்டு நாம் நிற்க முடியாது. உண்மையும் பொது நன்மையும்தான் நமக்கு. காகிதம்தான் நமக்கு.

நடைமுறை ரெண்டு மூணு சொல்லிடறேன். அவதூறுக்கு ஸ்டேஷனில் நேராக எஃப்ஐஆர் போட்டு ஆளைத் தூக்க முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்கணும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். சிவில் வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஒரு வருஷம் கெடு, கிரிமினலுக்கு மூணு வருஷம். நோட்டீஸ் வந்தால் பீரோவில் வைக்காதீங்க, பதில் அனுப்புங்க.

எங்க பதில் இப்போ தயாராகிக்கிட்டிருக்கு. அதில் ஒரு விஷயம். நோட்டீஸின் ஆறாவது பத்தியில், செத்தவர் குடித்துவிட்டுத் தானாகவே தொட்டிக்குள் விழுந்தார் என்று எழுதியிருக்காங்க. அதே கதை ஒரு மாலைப் பேப்பரிலும் ஒப்பந்தக்காரர் சொன்னதாக வந்திருக்கு. அவதூறுச் சட்டத்தின் முதல் விளக்கம் என்ன தெரியுமா? இறந்துபோனவர் உயிரோடு இருந்தால் அவர் மதிப்பைக் கெடுக்கும் பழியை, அவர் குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடு சொன்னால் அதுவும் அவதூறு. செத்தவருக்கும் மானம் உண்டு என்று மெக்காலே எழுதி வெச்சிருக்கான். நோக்கத்தை நிரூபிக்கிறது கஷ்டம், தன் தற்காப்புக்குச் சொன்னேன் என்பான், வக்கீல் அண்ணன் அதையும் சொல்லிட்டார். இருந்தாலும் பதிலில் எழுதலாம் என்றார். பிரேதப் பரிசோதனை அறிக்கை நகலுக்கு மனு கொடுத்திருக்கோம்.

போன ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தோம். ஆறாவது பத்தியைப் படிச்சுக் காட்டினோம். உங்க பேரில் பதில் போடலாமா என்று கேட்டோம். அவர் குடிக்கிற பழக்கமே இல்லாதவர் என்று எழுதிடலாமாம்மா என்று தம்பி கேட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொல்லுச்சு:

"குடிப்பாரு தம்பி. நான் ஏன் பொய் சொல்லணும். அன்னிக்குக் குடிக்கல. காலையில பழைய சோறு தின்னுட்டுப் போனாரு. அதை எழுதுங்க."